கொல்லிமலை மாணவரும் கவனக் கோளாறும்

தேசம் விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. பள்ளிக்கூடத்தின் வாசலையே காணாத பிள்ளைகள் நம் ராஜ்யத்தில் இன்று வெகு சிலரே. ஆயினும் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, ஆண்டுக்கணக்கில் பெஞ்சியில் அமர்ந்திருந்தும், கல்வி கைக்கு எட்டாமல் திரும்பிப் போகும் பிள்ளைகள் ஒரு சாரார் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவில் குறைவில்லை; கண்ணிலும் காதிலும் பழுதில்லை; வீட்டாரும் அனுப்பாமலில்லை. ஒன்றில் மனத்தை ஊன்றி நிறுத்தும் சக்தி மட்டும் அவர்களிடம் வயதுக்கேற்ற அளவில் அமையவில்லை. சோம்பேறி என்றும், அடங்காதவன் என்றும், உருப்படாதது என்றும் நாம் அவர்களுக்குப் பட்டம் சூட்டுகிறோம். வைத்திய சாஸ்திரம் அவர்களைப் பற்றி வேறு விதமாகச் சொல்லுகிறது. அது என்ன சொல்லுகிறது, நம் சட்டம் அதைக் காதில் வாங்கியிருக்கிறதா, கொல்லிமலை போன்ற ஒரு மலை நாட்டுப் பிள்ளைக்கு அதன் பயன் எவ்வாறு போய்ச் சேரும் என்பவற்றை இங்கே ஆராய விரும்புகிறோம்.

வைத்தியர்கள் இதனை ஏ.டி.எச்.டி. என்னும் நான்கு எழுத்துக்களால் குறிப்பது வழக்கம். கவனக் குறைவும் மிகையான சலனமும் சேர்ந்த கோளாறு என்பது அதன் பொருள். சுருக்கம் கருதி இதைக் கவனக் கோளாறு என்றே வழங்குவோம். கைபேசி வந்த பிறகு தோன்றிய நவநாகரிக வியாதி இது என்று எண்ணுவோர் பலர். சரித்திரம் அவ்வாறு சொல்லவில்லை. அலெக்ஸாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் 1798-ஆம் வருஷத்தில் வெளியிட்ட நூலிலேயே, எதிலும் மனம் ஊன்றாமல் தவிப்போரைப் பற்றி ஓர் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்திய நிபுணர் லண்டனில் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தி, புத்தியில் யாதொரு குறைவும் இல்லாதிருந்தும் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ள இயலாத பிள்ளைகளை வர்ணித்தார். 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு ராஜ்யத்தில் சார்லஸ் பிராட்லி என்ற வைத்தியர் ஒரு மருந்தைத் தம் ஆஸ்பத்திரியிலிருந்த 30 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் 14 பேர் கண்டோர் வியக்கும்படி பள்ளிப் பாடத்தில் முன்னேறினார்கள். இன்றைய பெயர் 1987-இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தாரால் இடப்பட்டது. பெயர் புதிது; விஷயம் பழையது.

இதன் காரணம் என்ன? நெற்றிக்குப் பின்னே அமைந்துள்ள மூளையின் முன்பகுதியே, 'இதைச் செய், அதை விடு, சற்றுப் பொறு' என்று மனிதனுக்குக் கட்டளையிடும் இடம். அந்தக் கட்டளைகள் டோபமின், நாரட்ரினலின் என்னும் ரசாயனங்களைத் துணைக்கொண்டு நடைபெறுகின்றன. கவனக் கோளாறு உள்ளவர்களிடம் இந்த ஏற்பாடு சரிவர ஓடுவதில்லை. 2007-இல் அமெரிக்கத் தேசிய மனநல ஸ்தாபனத்தார் இக்கோளாறுள்ள 223 பிள்ளைகளின் மூளையைப் படம் பிடித்து, மற்றப் பிள்ளைகளின் படங்களோடு ஒப்பிட்டார்கள். மூளையின் மேற்பரப்பு முழு வளர்ச்சியை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஏழரை என்றும், இவர்களுக்குப் பத்தரை என்றும் கண்டார்கள். தேரும் குதிரைகளும் வலுவாக இருக்க, கடிவாளம் பிடிப்பவன் மட்டும் இன்னும் சிறுவனாக இருப்பதற்கு இதை ஒப்பிடலாம். இக்கோளாறு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. தாயின் வளர்ப்போ தகப்பனின் செல்லமோ இதை உண்டாக்குவதில்லை. சாட்டையடி கொடுத்தால் சாரதி வளர்ந்துவிடுவான் என்று எண்ணுவது பேதைமை.

சிறு வயதில் இக்கோளாறு எவர் கண்ணுக்கும் படும். பிள்ளை ஓடுகிறது, ஏறுகிறது, விழுகிறது. பதின்மூன்று, பதினான்கு வயதாகும்போது அந்த ஓட்டம் வெளியே அடங்கிவிடுகிறது; உள்ளே மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. 'இப்போது சாதுவாகிவிட்டான், ஆனால் படிப்புத்தான் ஏறவில்லை' என்று பெற்றோர் சொல்லத் தொடங்குவது அந்த வயதில்தான். காலையில் எழுந்தால் புத்தகம் ஓரிடம், பேனா ஓரிடம், சட்டைப் பொத்தான் போட்டபடி பாதி. உபாத்தியாயர் கரும்பலகையில் கணக்கின் முதற்படியை எழுதும்போது கூடவே வருகிறான். மூன்றாவது படியில் ஜன்னலுக்கு வெளியே போய்விடுகிறான். திரும்பி வரும்போது கணக்கு முடிந்துவிட்டது. பரீக்ஷையில் விடை தெரிந்த கேள்வியையே பாதி படித்து எழுதித் தவறவிடுகிறான். பிறர் பேசி முடிக்குமுன் குறுக்கே பேசுகிறான். அதனால் சண்டை வருகிறது. நேற்று மனப்பாடமாக ஒப்பித்த பாடம் இன்று நினைவில் இல்லை. ஆனால் தனக்குப் பிடித்த ஒரு வேலையைக் கொடுத்தால் மணிக்கணக்கில் அதிலேயே மூழ்கியிருப்பான். இதைக் கண்டதும், 'வேண்டுமென்றே ஏமாற்றுகிறான்' என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். தன் இஷ்டப்படி கவனத்தைத் திருப்ப முடியாமையே இக்கோளாறின் உயிர்நிலை என்பதை அவர்கள் அறிவதில்லை.

பெண் பிள்ளைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவர்களில் பலரிடம் துள்ளலும் துடுக்கும் காண்பதில்லை. கடைசி வரிசையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பார்கள். மனம் மட்டும் அங்கே இராது. எவருக்கும் தொந்தரவு கொடாத காரணத்தால் எவரும் அவர்களைக் கவனிப்பதில்லை. 'படிப்பு வரவில்லை, வீட்டோடு இருக்கட்டும்' என்ற பேச்சு எழுந்தால், அடுத்தபடி கல்யாணப் பேச்சுத்தான்.

இனிக் கொல்லிமலைக்கு வருவோம். நாமக்கல் ஜில்லாவில், கடல் மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் மலை நாடு அது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால்தான் மேலே செல்ல முடியும். வல்வில் ஓரியின் நாடு என்று சங்கப் புலவர் பாடிய புகழுடையது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசும் மக்கள். பெயரைக் கொண்டு அவர்களைக் கேரள தேசத்தார் என்று கருதிவிடலாகாது. தினையும் சாமையும் கேழ்வரகும் விதைத்து, மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் பயிரிட்டு வாழ்கிறார்கள். பலருக்குக் குடும்பத்தில் முதன் முதலாகப் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளை தன் பிள்ளைதான். பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குக் கவனக் கோளாறு இருந்தால் நேர்வது என்ன? பட்டணத்து வக்கீல் வீட்டுப் பிள்ளை என்றால் தனிப் பாடம் சொல்ல ஆள் வைப்பார்கள், பள்ளிக்கூடத்தை மாற்றுவார்கள், கடைசியில் ஒரு நிபுணரிடமாவது அழைத்துப் போவார்கள். மலைப் பிள்ளைக்கு இந்த இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. பத்தாம் வகுப்பில் ஒரு முறை தவறினால் படிப்பு அன்றோடு முடிந்தது. மலையிறங்கி ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியிலோ, ஏதேனும் ஒரு தோட்டத்திலோ கூலிக்குச் சேருகிறான். அவசர புத்தியோடு மோட்டார் சைக்கிளும் கையில் கிடைத்துவிட்டால், அந்த வளைவுகளில் அவன் உயிருக்கே உத்தரவாதமில்லை; இக்கோளாறுள்ள வாலிபர்கள் மற்றவரினும் அதிகமாக வாகன விபத்துக்களில் சிக்குகிறார்கள் என்பது பல தேசங்களிலும் கண்ட உண்மை. எல்லாவற்றையும் விடக் கொடியது, 'நான் எதற்கும் லாயக்கில்லாதவன்' என்று பதினைந்து வயதிலேயே அவன் தன்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொள்வது. பிறர் சொன்ன பட்டங்களையே அவன் அவ்விதம் திருப்பிச் சொல்லுகிறான்.

மலை மக்கள் விஷயத்தில் கீழ்நாட்டாரிடம் இரண்டு தப்பெண்ணங்கள் உலவுகின்றன. மலைப் பிள்ளைகள் எல்லோருமே காட்டில் திரிந்து பழகியவர்கள், ஒரு நிலையில் இருக்க மாட்டார்கள் என்பது ஒன்று. இதெல்லாம் பட்டணத்துப் பணக்காரர் வீட்டு வியாதி, மலையில் ஏது என்பது மற்றொன்று. முதலாவது எண்ணம் ஒரு ஜாதியாரையே நோயாளி ஆக்குகிறது. இரண்டாவது, உண்மையில் கோளாறுள்ள பிள்ளைக்கு உதவியை மறுக்கிறது. இரண்டையும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. உலகப் பள்ளிப் பிள்ளைகளிடையே நடந்த பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் 100-க்கு 5 பேரளவில் இக்கோளாறு உண்டு என்று 2007-இல் மதிப்பிட்டார்கள். கோயம்புத்தூர் ஜில்லாவில் 6 முதல் 11 வயதுள்ள 770 பிள்ளைகளைப் பரிசோதித்து 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இது 100-க்கு 11 பேருக்கு மேல் என்று காணப்பட்டது. கணக்கிடும் முறைக்குத் தக்கபடி எண்ணிக்கை மாறும். குறைந்த எண்ணையே கொண்டாலும், 40 பேருள்ள ஒரு வகுப்பில் இருவர் தேறுவர். மலையேறும்போது அந்த இருவரும் அடிவாரத்தில் நின்றுவிடுவார்களா?

சூழ்நிலை இக்கோளாற்றின் சுமையைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் கூறலாம். வட கென்யாவில் ஆரியால் என்ற மேய்ச்சல் ஜாதியார் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியார் கால்நடைகளோடு நாடோடிகளாகத் திரிகின்றனர். மற்றொரு பகுதியார் ஊர்களில் நிலைத்துவிட்டனர். கவனக் கோளாற்றுடன் ஓரளவு சம்பந்தமுடையதென்று கருதப்படும் ஒரு பரம்பரைக் கூறு நாடோடிகளிடம் இருந்தபோது அவர்கள் நல்ல உடற்கட்டுடன் இருந்தார்கள் என்றும், ஊரில் தங்கியவர்களிடம் அதே கூறு இருந்தபோது அவர்கள் மெலிந்திருந்தார்கள் என்றும் 2008-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி தெரிவிக்கிறது. ஒரே ஆராய்ச்சியைக் கொண்டு பெரிய சித்தாந்தம் கட்டுவது தகாது. ஆயினும் ஒன்றை ஊகிக்கலாம். மிளகுக் கொடியில் ஏணி சார்த்தி ஏறுவதிலும், காட்டில் தேனடை தேடுவதிலும் முதல்வனாக நிற்கும் பையன், ஏழு மணி நேரம் பெஞ்சியில் அசையாதிருக்க வேண்டும் என்ற ஒரே விதியால் கடையனாகி விடுகிறான். விதியும் சற்று வளைந்துகொடுக்கலாம் அல்லவா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். கவனம் சிதறும் பிள்ளைகள் எல்லோருக்கும் இக்கோளாறு இருக்கிறதென்று சொல்லிவிட முடியாது. இரத்தச் சோகை, தூக்கக் குறைவு, காதுக் கோளாறு, வீட்டில் குடிகாரத் தகப்பனால் வரும் பயம், தாயைப் பிரிந்து விடுதியில் தங்கிய ஏக்கம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் கவனத்தைக் கலைக்கப் போதுமானது. ஆகையால்தான் நிபுணர்கள் கண்டிப்பான நிபந்தனைகள் விதித்திருக்கிறார்கள். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஆறு மாதமேனும் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். அன்றாட வாழ்வை உண்மையில் கெடுத்திருக்க வேண்டும். உபாத்தியாயர் ஒருவர் சொல்லை மட்டும் கேட்டு முடிவு செய்யலாகாது. விடுதிக் காப்பாளரும் தாயும் வந்து சொல்ல வேண்டும்.

கண்டறிந்த பின் செய்ய வேண்டியது என்ன? பெற்றோருக்கும் உபாத்தியாயருக்கும் பயிற்சி, பாடத்தைச் சிறு சிறு கூறுகளாக்கிக் கொடுத்தல், முன் வரிசையில் இடம், நடுநடுவே எழுந்து நடக்க அனுமதி, செய்ததைச் செய்தவுடனே பாராட்டுதல் ஆகியவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன் தரும். தேவைப்படும் சிலருக்கு மருந்தும் உண்டு. 1944-இல் சுவிட்ஸர்லாந்தில் முதன் முதல் தயாரிக்கப்பட்ட மெத்தில்பெனிடேட் என்பது அவற்றுள் முக்கியமானது. தகுந்த வைத்தியர் மேற்பார்வையில் கொடுத்தால் பெரும்பாலோருக்குக் குணம் காட்டுகிறது. ஆனால் நம் நாட்டில் அது 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் கட்டுக்குள்ளும், மருந்து விதிகளின் 'எக்ஸ்' அட்டவணைக்குள்ளும் அடங்கியது. சீட்டு இரண்டு பிரதிகளாக எழுதப்பட வேண்டும். ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு வருஷம் காப்பாற்றி வைக்க வேண்டும். துஷ்பிரயோகத்தைத் தடுக்க இக்கட்டுப்பாடு அவசியந்தான். ஆயினும் ஒவ்வொரு முறையும் சீட்டுக்காக ஒரு நாள் கூலியை இழந்து 70 வளைவுகள் இறங்கி ஏற வேண்டியிருந்தால், எந்தத் தாய் எத்தனை மாதம் தொடர்ந்து செய்வாள்? நாமக்கல்லில் 2022-இல் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. அதன் பயன் மலையேற வேண்டும்.

சட்டத்தைப் பார்ப்போம். 1995-ஆம் வருஷத்துச் சட்டம் ஊனங்கள் ஏழு என்றது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை இருபத்தொன்றாக்கியது. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத டிஸ்லெக்ஸியா முதலான கற்றல் குறைபாடுகள் அதில் இடம் பெற்றன. ஆட்டிஸமும் இடம் பெற்றது. கவனக் கோளாறு பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. இதன் விளைவு யாது? டிஸ்லெக்ஸியா உள்ள மாணவன் சான்றிதழ் காட்டிப் பரீக்ஷையில் கூடுதல் நேரம் கேட்கலாம். கவனக் கோளாறு மட்டும் உள்ள மாணவன் அதே மேஜை முன் நின்றால், 'உன் பெயர் அட்டவணையில் இல்லை' என்ற பதிலே கிடைக்கும்.

இது திருத்த முடியாத குறை அன்று. அதே சட்டத்தின் 2-ஆவது பிரிவு மாற்றுத் திறனாளி என்பவர் யார் என்று கூறுமிடத்தில், நீண்டகால மனக் குறைபாட்டால் பிறரோடு சமமாகச் சமூகத்தில் பங்குகொள்ளத் தடைப்படுபவர் என்னும் விரிந்த இலக்கணத்தையே தருகிறது. எழுதும்போது கை விறைத்துக்கொள்ளும் நோயுள்ள ஒருவர் மத்தியத் தேர்வாணையத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு 2021 பிப்ரவரி 11-ஆம் தேதி இதை உறுதிப்படுத்தியது. 100-க்கு 40 என்ற அளவை எட்டாதவரானாலும், நியாயமான வசதி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். மேலும், சட்டத்தின் அட்டவணை முடியுமிடத்தில், மத்திய சர்க்கார் அறிவிக்கும் வேறு எவ்வகையும் சேர்க்கப்படலாம் என்று ஒரு கதவு திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது. பார்லிமெண்டில் மசோதா கொண்டுவரவும் தேவையில்லை. கெஜட்டில் ஓர் அறிவிப்புப் போதும். மனமிருந்தால் ஒரு மாதத்தில் முடியும் காரியம்.

'சலுகை என்றால் பொய்ச் சான்றிதழ் பெருகுமே' என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். பொய்க் கையெழுத்து இடுவோர் இருக்கிறார்கள் என்பதற்காகப் பத்திரப் பதிவை யாரும் நிறுத்திவிடவில்லை. சான்றிதழ் வழங்கும் முறையைக் கடுமையாக்கலாம், உரிமையை மறுக்கலாகாது. பணமுள்ளவர் எப்படியாவது வழி தேடிக்கொள்வர். சட்டத்தில் இடமில்லாததால் உண்மையில் நஷ்டமடைகிறவன் மலைப் பிள்ளையே.

அடி உதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. அச்சட்டம் 14 வயதோடு நின்றுவிட்டாலும், 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு 18 வயது வரை உள்ளவர்களைக் காக்கிறது. 'அடியாத மாடு பணியாது' என்ற பழமொழியைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவருகிறவர்கள், தம் எதிரே இருப்பது மாடன்று என்பதை நினைவில் கொள்வார்களாக.

நாமக்கல் ஜில்லாவுக்குக் கோழிப் பண்ணைகளால் ஒரு பெயர் உண்டு. மதிப்பெண் குவிக்கும் விடுதிப் பள்ளிகளால் மற்றொரு பெயர் உண்டு. விடியுமுன் எழுப்பி, நள்ளிரவு வரை உருப்போட வைக்கும் பள்ளிகளுக்குப் 'பிராய்லர் பள்ளி' என்று ஜனங்களே பெயரிட்டார்கள். முதலிடப் பட்டியல் வெளியிடும் வழக்கத்தைத் தமிழக சர்க்கார் 2017-இல் கைவிட்டது நல்ல காரியம். ஆனால் கல்வி என்றால் அசையாதிருந்து மனனம் செய்வதே என்ற எண்ணம் இன்னும் கைவிடப்படவில்லை. மகாத்மா காந்தி 1937-இல் வார்தாவில் கூட்டிய மகாநாட்டில், கைத்தொழிலின் வாயிலாகவே பாடங்கள் அனைத்தையும் கற்பிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். கையும் காலும் இயங்கும்போதே மனம் நிலைக்கும் பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான போதனா முறை வேறில்லை. சாமை வயலில் பரப்பளவுக் கணக்கையும், மிளகுக் கொட்டிலில் எடைக் கணக்கையும் கற்பிக்கக் கொல்லிமலையைவிடச் சிறந்த இடமும் வேறில்லை.

ஆகவே நாம் கோருபவை நான்கு. முதலாவது, மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளின் உபாத்தியாயர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் இக்கோளாற்றின் அறிகுறிகளைக் கண்டறியப் பயிற்சி அளிக்க வேண்டும். பகலும் இரவும் பிள்ளையைப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கே உண்டு. இரண்டாவது, ஜில்லா மனநலத் திட்டத்தின் வைத்தியர் மாதந்தோறும் குறித்த நாளில் மலையேறி வர வேண்டும். சோளக்காட்டுச் சந்தை கூடும் நாளாக அது இருந்தால், சுமை இறக்க வந்த தாய் பிள்ளையின் கதையையும் சொல்லிவிட்டுப் போவாள். தேவையான மருந்தும் அங்கேயே கிடைக்க வேண்டும். மனநல சிகிச்சை நாடுவோரை நெடுந்தூரம் அலைய வைக்கலாகாது என்பது 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தின் 18-ஆவது பிரிவிலேயே கண்ட கொள்கைதான். மூன்றாவது, மத்திய சர்க்கார் கவனக் கோளாற்றை அட்டவணையில் சேர்த்து அறிவிக்க வேண்டும். நான்காவது, அது வரையில் தமிழக சர்க்கார் காத்திராமல், நிபுணர் சான்றுள்ள மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் தனி அறையும் தன் உத்தரவினாலேயே வழங்க வேண்டும்.

இவற்றிற்குப் பெரும் பொருள் தேவையில்லை. கல்லூரி கட்ட வேண்டியதில்லை; பாலம் போட வேண்டியதில்லை. ஒரு வைத்தியரின் ஒரு நாளும், சில உபாத்தியாயர்களின் சில நாட்களும், ஒரு கெஜட் அறிவிப்பும் போதும். அரப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கானோர் அந்த 70 வளைவுகளைக் கடந்து ஏறுகிறார்கள். சர்க்காரின் கவனமும் ஒரு முறை அவ்வழியே ஏறட்டும். கவனக் குறைவு என்ற குற்றச்சாட்டைப் பிள்ளைகள் மீது சுமத்துமுன், அப்பிள்ளைகள் மீது நம் கவனம் எவ்வளவு காலமாக இல்லாதிருந்தது என்பதை ஆள்வோரும் கற்பிப்போரும் பெற்றோரும் எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.